ஐரினோடீக்கன் கீமோ: அம்மாவின் வயிற்றை வீட்டில் எப்படிக் கவனிப்பது?

குடந்தை மகள் எழுதியது:

வணக்கம். அம்மாவுக்கு 61 வயது. பெருங்குடலில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது. ஃபோல்ஃபிரி என்ற கீமோ, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கிறார்கள். நெஞ்சில் தோலுக்கடியில் போர்ட் (மருந்து ஏற்றுவதற்காக ரத்தக் குழாயோடு இணைத்த சின்னக் கருவி) வைத்திருக்கிறது. ஒரு நாள் டே கேரில் ஐரினோடீக்கன் டிரிப் ஏற்றி, ஃபைவ் எஃப்யூ மருந்து அடைத்த பம்ப்பை இடுப்பில் கட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். 46 மணி நேரம் கழித்துப் போய்க் கழற்றிக்கொண்டு வர வேண்டும்.

முதல் சுற்றில் டிரிப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அம்மாவுக்கு முகமெல்லாம் வேர்த்தது. வாயில் எச்சில் ஊறி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினார். ஒரு ஊசி போட்டதும் அடங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தபின் இரண்டு நாள் வெளிக்கே போகவில்லை. அப்புறம் நன்றாகத்தான் இருந்தார். ஒரு வாரம் ஆகப்போகிற நேரத்தில் தண்ணீராகப் போக ஆரம்பித்தது. எத்தனை தடவை என்று கேட்டால் "ரெண்டு மூணு தரம்தான், விடு" என்பார். ஒரு ராத்திரி நான் தூங்காமல் படுத்திருந்தபோதுதான் தெரிந்தது, அந்த ரெண்டு மூணு என்பது விடிகாலைக்கு முன்னால் மட்டும் உள்ள கணக்கு.

வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பெரியம்மா இது உடம்புச் சூடு, வெந்தயத்தை மோரில் போட்டு முழுங்கச் சொல் என்கிறார். சித்தப்பா நிலவேம்புக் கஷாயம் வாங்கி வந்து வைத்திருக்கிறார். மெடிக்கல் ஷாப்பில் கேட்டதற்கு ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரையும், 'குடலுக்கு நல்ல கிருமி' என்று ஒரு பொடி பாக்கெட்டும் எடுத்து நீட்டினார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் போக்கை நிறுத்தும் மாத்திரை லோபரமைடு 2 மில்லிகிராம், தேவைப்பட்டால், அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. எத்தனை போடலாம், எப்போது நிறுத்துவது, ஒன்றும் இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு என்பதால் ஓஆர்எஸ் கொடுக்கவும் பயமாக இருக்கிறது.

போன தடவை நாலு நாளில் தானாக நின்றது. ஆனால் மூன்று கிலோ குறைந்துவிட்டார். அடுத்த வியாழக்கிழமை இரண்டாவது சுற்று. ஆஸ்பத்திரி இங்கிருந்து ஒரு மணி நேரம். என்ன பார்க்க வேண்டும், என்ன சாப்பிடக் கொடுக்க வேண்டும், எப்போது வண்டி எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்? இந்த வழியில் போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். அம்மா காலையில் டிகிரி காபி இல்லாமல் இருக்க மாட்டார், அதையும் சேர்த்தே கேட்கிறேன்.


மேலவீதி ரவி எழுதியது:

சகோதரி, நான் குடல் ஆபரேஷன் முடிந்து கீமோ எடுத்துக்கொண்டவன். எனக்கு ஆக்சாலிபிளாட்டின் டிரிப்பும் கேப்சிடபின் மாத்திரையும். என் அனுபவத்தில் ஜவ்வரிசிக் கஞ்சி உப்புப் போட்டது, குழைந்த சாதம், இட்லி, பூவன் பழம் இவைதான் வயிற்றில் தங்கின. பருப்பு ரசத்தைவிட மிளகு குறைத்த தெளிவு ரசம் பரவாயில்லை. ஐஸ் தண்ணீர், ஃபிரிட்ஜில் வைத்த எதுவும் வேண்டாம். எனக்குக் குளிர்ந்த தண்ணீர் தொண்டையில் பட்டாலே மூச்சு அடைப்பதுபோல இருக்கும்.

இன்னொன்று. ராத்திரி பாத்ரூம் வழியில் ஒரு சின்ன பல்ப் எரியட்டும். தரையில் ஈரம் இருக்கவே கூடாது. தண்ணீர் வற்றின உடம்பு எழுந்து நிற்கும்போது கண்ணை இருட்டும். எங்கள் வார்டில் அப்படி விழுந்து இடுப்பு முறிந்த ஒருவரைப் பார்த்தேன், அவருக்குக் கீமோவே தள்ளிப்போனது.


வார்டு சிஸ்டர் எழுதியது:

குடந்தை மகளுக்கு. நான் கீமோ டே கேரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பட்டது, அம்மாவுக்கு வந்தது ஒரே வயிற்றுப்போக்கு இல்லை, இரண்டு. இரண்டுக்கும் காரணமும் வேறு, மருந்தும் வேறு.

டிரிப் ஓடும்போது வந்ததே, வேர்வை, எச்சில், வயிற்று முறுக்கு, அது ஐரினோடீக்கன் நரம்பைத் தூண்டுவதால் வருவது. முதல் 24 மணி நேரத்துக்குள் வரும். அதற்கு அட்ரோபின் ஊசி. போட்டதும் நிற்கும். அடுத்த சுற்றில் டிரிப் ஏற்றும் முன்னாலேயே "போன தடவை இப்படி ஆனது" என்று சொல்லிவிடுங்கள், முன்கூட்டியே போடுவார்கள்.

ஒரு வாரம் கழித்து வந்ததுதான் நாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியது. கீமோ வேகமாகப் பெருகும் செல்களை அடிக்கிறது. குடலின் உள்பக்கத் தோல் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் புதிதாக மாறிக்கொண்டே இருப்பது, அதனால் அதுவும் அடி வாங்கும். ஐரினோடீக்கனில் இதற்கு மேல் ஒன்று உண்டு. கல்லீரல் அந்த மருந்தின் வீரியமான பகுதியைக் கட்டிப்போட்டுப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்பிவிடும். குடலில் இருக்கும் பாக்டீரியா அந்தக் கட்டை அவிழ்த்துவிடும். அவிழ்ந்த மருந்து திரும்பவும் குடல் தோலை அரிக்கும். உடம்புச் சூடு என்று பெரியம்மா அன்பாகச் சொல்கிறார், ஆனால் இங்கே நடப்பது புண். வெந்தயத்தால் ஆறாது.

எனக்குப் பெரிய பயம் வயிற்றுப்போக்கு மட்டும் இல்லை, அது வரும் நேரம். கீமோவுக்குப் பின் ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். குடல் சுவர் புண்ணாகிக் கிருமி ரத்தத்துக்குள் நுழைய வழி திறந்திருக்கும் அதே நாட்களில், அதைத் தடுக்க வேண்டிய அணுக்கள் உடம்பில் இருக்காது. வயிற்றுப்போக்கோடு காய்ச்சல் என்றால் நாங்கள் வார்டில் பதறுவது இதனால்தான். சாயங்காலம் "லேசாக உடம்பு சுடுது, காலையில் பார்த்துக்கலாம்" என்று படுத்தவர்கள் விடியும்போது பிரஷர் இறங்கி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். வயது குறைந்தவர்கள்கூட.

அதனால் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் இன்றே வாங்குங்கள். காலை, மாலை, நடுங்கினால் உடனே, அக்குளில் அல்லது வாயில் வையுங்கள். ஆசனவாயில் வைக்கவே கூடாது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் மணி என்ன என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். அளந்து பார்க்காமல் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், அது காய்ச்சலை மறைத்துவிடும். எமர்ஜென்சியில் முதல் வார்த்தையே "கீமோ நோயாளி, இத்தனையாவது நாள், காய்ச்சல், வயிற்றுப்போக்கு" என்று இருக்கட்டும். புற்றுநோய் டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரியாக இருந்தாலும் அந்த ஒரு வரி கேட்டால் வரிசையில் நிறுத்த மாட்டார்கள்.

இனி எண்ணிக்கை. நம் வீட்டுப் பெண்கள் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மகளிடமே கூச்சம், மகன் டாக்டரிடம் சொல்லப்போகிறான் என்றால் இன்னும் கூச்சம். கேட்டுக் கேட்டுச் சண்டை போடாதீர்கள். நான் சொல்லிக்கொடுக்கும் வழி, பாத்ரூம் கதவுக்கு வெளியே ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டையும் பக்கத்தில் ஒரு காலி டப்பாவும். போய் வரும்போதெல்லாம் ஒரு கொட்டையை டப்பாவில் போட்டால் போதும், பேச வேண்டியதே இல்லை. காலையில் நீங்கள் எண்ணி நோட்டில் எழுதுங்கள். வழக்கமாக அம்மா ஒரு நாளைக்கு எத்தனை தடவை போவார் என்பதை முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள், ஏனென்றால் டாக்டர் பார்ப்பது அதைவிட எத்தனை கூடியது என்பதைத்தான். மூன்று வரை கூடினால் லேசானது. நாலு முதல் ஆறு கூடினால் அன்றைக்கே போன். ஏழும் அதற்கு மேலும் என்றால் அட்மிஷன் போட வேண்டிய நிலை. எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் ராத்திரி தூக்கத்தைக் கலைத்துப் போக வைத்தால் அதைத் தனியாகக் குறியுங்கள்.

அதே நோட்டில் காலை வெறும் வயிற்று எடை, சிறுநீர் போன நேரம், நிறம். எட்டு மணி நேரம் சிறுநீர் போகவில்லை, போனாலும் கட்டி டீ நிறம் என்றால் வீட்டு வைத்தியம் முடிந்தது. எடை ஒரே நாளில் ஒரு கிலோ இறங்கினால் அது சதை இல்லை, தண்ணீர். மூன்று கிலோ இறங்கியும் நீங்கள் ஆஸ்பத்திரிக்குத் தெரியப்படுத்தினீர்களா என்று எழுதவில்லை. இரண்டாவது சுற்றுக்கு முன் டாக்டருக்கு அது கட்டாயம் தெரிய வேண்டும்.

லோபரமைடு விஷயம். சாதாரண வயிற்றுப்போக்குக்குப் பெட்டியில் போட்டிருக்கும் அளவு வேறு, ஐரினோடீக்கனுக்கு உள்ள அளவு வேறு. பொதுவாகச் சொல்லிக்கொடுப்பது இது: முதல் தடவை தண்ணீராகப் போனதுமே 4 மில்லிகிராம், அதாவது இரண்டு மாத்திரை. அதன்பின் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை. ராத்திரி நாலு மணி நேரத்துக்கு இரண்டாகக் கொடுத்துத் தூங்க விடலாம். முழுசாக 12 மணி நேரம் போகாமல் இருந்தால் நிறுத்தலாம். எந்தக் காரணத்துக்கும் 48 மணி நேரத்துக்கு மேல் இப்படிப் போடக் கூடாது. உண்மையில் 24 மணி நேரத்தில் அடங்கவில்லை என்றாலே போன் பண்ணச் சொல்வேன், டிரிப்பும் வேறு ஊசியும் தேவைப்படும். ஆனால் என் பேச்சை வைத்துத் தொடங்காதீர்கள். வியாழக்கிழமை போகும்போது இந்த அளவை உங்கள் டாக்டர் கையாலேயே சீட்டில் எழுதி வாங்குங்கள், அம்மாவின் இதயம், கல்லீரல், மற்ற மாத்திரைகளைப் பார்த்து அவர் மாற்றுவார். வயிற்றுப்போக்கு வராமலே முன்கூட்டிப் போடக் கூடாது. காய்ச்சல், மலத்தில் ரத்தம், வயிறு உப்பிக் கல்லாக இருப்பது, வலதுபக்க அடிவயிற்றில் வலி, இதில் ஏதாவது இருந்தால் அந்த மாத்திரையைத் தொடாமல் நேரே ஆஸ்பத்திரி.

ஆன்டிபயாடிக்கை மெடிக்கல் ஷாப் சொல்லி வாங்காதீர்கள். தேவையே இல்லாத ஆன்டிபயாடிக் குடலில் வேறொரு கெட்ட கிருமியை வளர்த்துவிட்டு, அதனாலேயே வயிற்றுப்போக்கு இரட்டிப்பாவது உண்டு. அந்தப் பொடி பாக்கெட்டை எடுத்து என்ன பெயர் போட்டிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்று இருந்தால் அது உயிருள்ள ஈஸ்ட். போர்ட் வைத்தவர்களுக்கு அது கூடாது. அந்தப் பாக்கெட்டைப் பிரித்த கையால் போர்ட் குழாயைத் தொட்டாலே ஈஸ்ட் ரத்தத்தில் கலந்த சம்பவங்கள் மருத்துவ உலகில் பதிவாகியிருக்கின்றன. லாக்டோபேசிலஸ் என்ற பாக்டீரியா வகைகளும் வெள்ளை அணு குறைந்த நாட்களில் டாக்டர் சொல்லாமல் வேண்டாம். குடலுக்கு நல்லது என்று விளம்பரத்தில் வருவது எல்லாம் நல்ல உடம்புக்காரர்களுக்குச் சொல்வது. நிலவேம்பையும் அப்படியே வையுங்கள். ஐரினோடீக்கனைக் கட்டிப்போட வேண்டியது கல்லீரல், அம்மாவுக்கு நோயும் அங்கேதான். அந்தக் கல்லீரலுக்கு நமக்குத் தெரியாத வேலை ஒன்றைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

ஓஆர்எஸ் பயத்தை விடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். அது ருசிக்குப் போட்டது இல்லை, அந்தக் குளுக்கோஸ் கைகொடுத்தால்தான் உப்பும் தண்ணீரும் குடலுக்குள் போகும். தண்ணீராகப் போகும்போது சர்க்கரை நோயாளிக்கும் அது வேண்டும். குளுக்கோமீட்டரில் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள், போதும். 20.5 கிராம் பாக்கெட் என்றால் முழுப் பாக்கெட்டும் முழு ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில். பாதி பாக்கெட்டைக் கண் அளவில் டம்ளரில் கரைக்காதீர்கள். அட்டைப் பெட்டியில் பழ ருசியோடு வரும் பானம் வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி இல்லாதவை ஓஆர்எஸ் என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லிவிட்டது. இளநீர் குடிக்கலாம், ஆனால் அதில் பொட்டாசியம் கூடுதல், சோடியம் குறைவு. போன உப்பை அது ஈடுகட்டாது. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சித் தண்ணீர் இளநீரைவிட மேல்.

பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் மிக முக்கியம், இதை யாரும் கேட்பதில்லை. உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது சில பிரஷர் மாத்திரைகளும், சிறுநீர் போக வைக்கும் மாத்திரைகளும் சிறுநீரகத்துக்குக் கெடுதல் செய்யும். சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மின், சிறுநீரகம் தளர்ந்தால் உடம்பில் தேங்கி ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டலாம். வயிற்றுப்போக்கு உள்ள நாட்களில் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

சாப்பாடு, ரவி தம்பி சொன்னது சரி. குளிர்ந்த தண்ணீர் பற்றி மட்டும் ஒரு திருத்தம். அந்தத் தொல்லை ஆக்சாலிபிளாட்டின் தருவது. குடந்தை அம்மாவுக்கு அந்த மருந்து இல்லை, குளிர்ச்சி ஆகாது என்று ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் ஃபைவ் எஃப்யூவை ஊசியாக வேகமாகச் செலுத்தும்போது அரை மணி நேரம் ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டால் வாய்ப்புண் குறையும். வாயும் குடலின் ஆரம்பம்தானே. டே கேரில் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள், ஐஸ் மட்டும் சுத்தமான தண்ணீரில் செய்ததாக இருக்க வேண்டும்.

டிகிரி காபிக்கு வருகிறேன். அடிபட்ட குடலில் பாலைச் செரிக்கும் லாக்டேஸ் சுரப்பது கொஞ்ச நாள் குறையும். காபியில் இருக்கும் கஃபீனும் குடலை ஓட வைக்கும். ஆக, கட்டிப் பாலில் போட்ட டிகிரி காபி இரண்டு பக்கமும் இடிக்கும். வயிற்றுப்போக்கு உள்ள நாட்களில் மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், நின்று ஒரு வாரம் கழித்துச் சின்ன டம்ளரில் ஆரம்பிக்கட்டும். அம்மாவிடம் தேதி சொல்லி வாக்குக் கொடுத்தால் ஒத்துக்கொள்வார். வீட்டில் காய்ச்சிய பாலில் அன்றன்று தோய்த்த தயிர் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். கடை மோர், தெருவில் வெட்டி வைத்த பழம், ஹோட்டல் தேங்காய்ச் சட்னி, நேற்றைய சாம்பார் கூடாது. கீரை, கேழ்வரகு, கொள்ளு, வாழைத்தண்டு இவற்றைப் போக்கு நிற்கும்வரை தள்ளி வையுங்கள். பச்சைக் காய்கறி, பழம் எதையுமே தொடக் கூடாது என்று முன்பெல்லாம் கெடுபிடி இருந்தது. ஆராய்ந்து பார்த்ததில் அந்தக் கெடுபிடியால் தொற்று குறையவில்லை. நன்றாகக் கழுவித் தோல் சீவிய பழம், சூடாக அப்போதே சமைத்த சாப்பாடு, இது போதும். முட்டையை முழுசாக வேக வைத்துக் கொடுங்கள், உடம்புக்குப் புரதம் வேண்டும்.

ஆசனவாயில் புண் வந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, பழைய பருத்திப் புடவைத் துணியால் ஒற்றி எடுத்து, வாசலின் தடவச் சொல்லுங்கள். பெண்கள் முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும். அங்கே வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் அதுவும் எமர்ஜென்சிதான். பம்ப் கழற்றி இரண்டு நாள் வரை மலம், வாந்தி எதையும் நீங்கள் சுத்தம் செய்தால் கையுறை போடுங்கள். வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் அந்த வேலையில் கை வைக்க வேண்டாம்.


வடலி எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணம். அப்பாவுக்கு நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய், தெல்லிப்பளையில் வைத்தியம் நடந்தது. உங்களுக்கு நேர் எதிரான கதை எங்களுக்கு. அவருக்கு ஏற்றிய வின்கிறிஸ்டின் குடலின் நரம்பை மந்தமாக்கி மலத்தை இறுக்கிப் போட்டது. வாந்திக்குக் கொடுக்கிற ஒண்டான்செற்றனும் மலச்சிக்கல் தரும். உங்கடை அம்மா முதல் இரண்டு நாள் வெளிக்குப் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அது அந்த மருந்தாக இருக்கலாம்.

ஏன் எழுதுகிறேன் என்றால், அப்பாவுக்கு ஒரு கட்டத்தில் தண்ணியாகப் போகத் தொடங்கியது. வயிற்றுப்போக்கு என்று நினைத்து மாத்திரை கொடுக்க வெளிக்கிட்டோம். தாதி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறித்தா. உள்ளே மலம் கட்டியாக அடைத்திருக்க, அதைச் சுற்றித் தண்ணி மட்டும் கசிந்து வந்திருக்கிறது. அந்த நேரம் போக்கை நிறுத்துகிற மாத்திரை கொடுத்திருந்தால் நிலைமை மோசமாகியிருக்கும். அதனால் எத்தனை தரம் என்பதோடு, கடைசியாகக் கட்டியாக எப்போது போனது என்பதையும் கொப்பியில் எழுதுங்கோ.

ஊரில் ஒரு மாமி விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்கச் சொன்னா. வைத்தியர் ஒரேயடியாக மறுத்து, மலத்தை இளக்கும் லக்ருலோஸ் பாணிதான் தந்தார். வெள்ளை அணு குறைந்த நாளில் எனிமாவும் வேண்டாம், பின்பக்கம் வைக்கிற குளிசையும் வேண்டாம், சின்னக் கீறல் விழுந்தாலே கிருமி ஏறும் என்று சொன்னார். இங்கே ஜீவனிப் பைக்கற்றை எப்போதும் வீட்டில் வைத்திருந்தோம், அது உங்கடை ஓஆர்எஸ்தான்.


குடந்தை மகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வார்டு சிஸ்டர் சொன்னபடி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனேன். மூன்று கிலோ குறைந்ததை நாங்கள் சொல்லியிருக்கவில்லை. நோட்டைப் பார்த்த டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார், வெள்ளை அணு குறைவாக இருந்ததால் கீமோவை ஒரு வாரம் தள்ளிவிட்டார். ஐரினோடீக்கன் அளவையும் குறைப்பதாகச் சொல்கிறார். யுஜிடி என்று ஏதோ ஒரு ஜீன் பரிசோதனைக்கும் ரத்தம் அனுப்பியிருக்கிறது. பிரஷர் மாத்திரை ஒன்றை வயிற்றுப்போக்கு நாட்களில் நிறுத்தச் சொல்லி எழுதிக்கொடுத்தார். லோபரமைடு அளவும் நேரம் போட்டு எழுதி வாங்கிவிட்டேன்.

அம்மாதான் வரும் வழியெல்லாம் அழுதார். மருந்தைக் குறைக்கிறார்கள் என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறார். அவருக்கு என்ன சொல்வது? புளியங்கொட்டை ஏற்பாடு மட்டும் அவருக்குப் பிடித்திருக்கிறது, பக்கத்து வீட்டுப் பாட்டி பல்லாங்குழிக்கு வைத்திருந்ததைக் கொடுத்தனுப்பினார்.


வார்டு சிஸ்டர் எழுதியது:

அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள். சிலருடைய கல்லீரலில் ஐரினோடீக்கனைக் கட்டிப்போடும் சாமான் பிறவியிலேயே கொஞ்சம் குறைவு. யுஜிடி1ஏ1 என்ற ஜீன்தான் அதைச் செய்யச் சொல்வது. அது குறைவாக உள்ளவர்களுக்கு மற்றவர்களுக்குக் கொடுக்கும் அளவு கொடுத்தால், உடம்புக்குள் அதைவிடப் பெரிய டோஸ் போட்ட மாதிரி ஆகிவிடும், வயிற்றுப்போக்கும் கூடும், வெள்ளை அணுவும் விழும். அவர்களுக்குக் குறைத்த அளவுதான் சரியான அளவு. நம் ஜனங்களில் இது அரிதும் இல்லை. சும்மாவே அவ்வப்போது கண் லேசாக மஞ்சளாகும், மஞ்சள் காமாலைக்கு மருந்து எடுத்தும் காரணம் தெரியவில்லை என்பவர்கள் குடும்பத்தில் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஜீன் முடிவு எப்படி வந்தாலும், முதல் சுற்றில் இவ்வளவு வயிற்றுப்போக்கு வந்தவருக்கு அளவைக் குறைப்பது வழக்கமான நடைமுறை. கைவிடுவதாக இருந்தால் மருந்தையே நிறுத்தியிருப்பார். எட்டு சுற்று, பத்து சுற்று என்று தொடர வேண்டிய சிகிச்சையை அம்மா தாங்க வேண்டும் என்பதற்காகக் குறைக்கிறார். முழு அளவு கொடுத்து மூன்றாம் சுற்றிலேயே ஐசியூவில் படுத்து, அப்புறம் கீமோவே வேண்டாம் என்று வீட்டுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். குறைந்த அளவில் ஆரம்பித்து வருஷக்கணக்கில் டே கேருக்கு வந்துபோனவர்களையும் தெரியும், அவர்களில் சிலர் எனக்குத் தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுவருவார்கள். டாக்டரிடம் அம்மாவையே நேரில் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைவிட அவர் வாயால் கேட்டால் அம்மாவுக்கு மனசு நிற்கும்.

ஒன்று பாக்கி. அடுத்த சுற்று ஏற்றும் முன், லோபரமைடு இல்லாமலேயே குறைந்தது 24 மணி நேரமாவது அம்மாவின் வயிறு பழைய வழக்கத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். "எப்படியும் வந்துவிட்டோம், ஏற்றிவிடுங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள், தூரத்திலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் கேட்பார்கள். முந்தின நாள் காலையிலேயே டே கேருக்குப் போன் போட்டு, கடைசி மாத்திரை எப்போது போட்டது, கடைசியாகக் கட்டியாக எப்போது போனது, இரண்டையும் சொல்லுங்கள். வரச் சொன்னால் அப்புறம் வண்டிக்குச் சொன்னால் போதும்.